தையல் புண்ணுக்குத் தேன் தடவலாமா?

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றுக்கு அண்மையில் போயிருந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் அந்த வீட்டாருக்குக் கூச்சம். ஒரு துக்க வீட்டில் தலையைக் காட்டிவிட்டுத் திரும்புகிற நேரம். லயத்துக் கடைசி வீட்டிலிருந்து ஓர் அம்மா கையில் ஒரு போத்தலைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"தம்பி, நீங்க பேப்பர்ல எழுதுறவங்கதானே? இது நல்ல தேனா, சீனிப் பாகான்னு பார்த்துச் சொல்லுங்களேன். மருமவளுக்கு ஆப்பரேஷன் பண்ணிப் புள்ளய எடுத்து இன்னையோட ஒம்பது நாளாச்சு. தையல் போட்ட எடத்துல ஒரு ஓரமா ஈரம் கசியுது. தேன் வச்சாப் பட்டுன்னு ஆறிடும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

நமக்குத் தேனைச் சோதிக்கத் தெரியாது. ஆனால் 'ஈரம் கசியுது' என்ற வார்த்தை நம்மைச் சும்மா விடவில்லை. "காய்ச்சல் உண்டா அம்மா?" என்று கேட்டோம். "ராத்திரியானா ஒடம்பு சுடுது" என்றார். "மிஸ்ஸிகிட்டச் சொன்னீங்களா?" "மிஸ்ஸி வந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறந்தான் இப்படி. கிளினிக்குப் போவணும்னா மவன் வேலைக்கு லீவு போடணுமே, அதான் பார்த்துக்கிட்டு இருக்கோம்."

பார்த்துக்கொண்டிருக்கிற விஷயமா இது? அந்தப் பெண்ணையும் கைக்குழந்தையையும் வண்டியில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். தையலுக்கு உள்ளே சீழ் கட்டியிருந்தது. புண்ணைத் திறந்து, கழுவி, ஊசி மருந்து கொடுத்துச் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது சுகம். கடவுள் புண்ணியத்தில் பிள்ளையும் சுகம்.

பிறகு ஒரு நாள் அந்த அம்மாவைப் பார்த்தோம். நேராகவே கேட்டார்: "அப்ப தேன் மருந்துங்கிறது பொய்யா தம்பி? எங்க ஆத்தா காலத்துலேருந்து வச்சுக்கிட்டுத்தானே இருக்கோம்?"

நியாயமான கேள்வி. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த வாரம் இதையே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தேன் மருந்தல்ல என்று நாம் சொல்ல மாட்டோம். படித்தவர்கள் சிலர் பாட்டி வைத்தியம் என்றாலே உதட்டைப் பிதுக்குவார்கள். தேன் விஷயத்தில் பாட்டி பக்கம்தான் நியாயம் அதிகம். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முந்திய எகிப்து நாட்டு மருத்துவச் சுவடியில் புண்ணுக்குத் தேன் வைத்துக் கட்டும் முறை எழுதியிருக்கிறது. நம் பாரதத்துச் சுசுருதர் நூலிலும் புண்ணுக்குத் தேனும் நெய்யும் சொல்லப்பட்டிருக்கின்றன.

அதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்குப் புதுக்கதையும் உண்டு. மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூரில் டாக்டர் சுப்பிரமணியம் என்ற அறுவை மருத்துவர், தீப்புண் பட்ட 104 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார். ஒரு பாதிப் பேருக்குத் தேன் கட்டு. மறு பாதிக்கு அப்போது ஆஸ்பத்திரிகளில் பூசி வந்த வெள்ளிக் களிம்பு. தேன் வைத்தவர்களில் 100க்கு 87 பேருக்கு 15 நாளில் புண் ஆறியது. களிம்பு பூசியவர்களில் அந்த நாளுக்குள் ஆறியது 100க்கு 10 பேருக்குத்தான். 1991இல் இது பிரிட்டனின் அறுவை மருத்துவ இதழில் வெளியானது.

தேன் எப்படி வேலை செய்கிறது? ஊறுகாயில் உப்பு செய்கிற வேலையைத் தேனில் சர்க்கரை செய்கிறது. அது கிருமியின் உடம்பிலுள்ள நீரை உறிஞ்சி எடுத்துவிடும். நீரில்லாமல் கிருமி வளராது. அடுத்து, தேனில் இயற்கையாகவே புளிப்பு உண்டு. புளிப்பிலும் பல கிருமிகள் பிழைப்பதில்லை. மூன்றாவதாக, தேனீ தன் வாயிலிருந்து சேர்க்கும் ஒரு சத்து, புண்ணின் ஈரம் பட்டதும், புண் கழுவப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்குகிறது. இவற்றோடு, புண் காய்ந்து பொருக்குத் தட்டாமல் ஈரப்பதமாகவே வைத்திருப்பதால் புதுச் சதை சுலபமாக வளருகிறது. இதெல்லாம் தெரியாமலே நம் பாட்டிமார் கையாண்டார்கள் என்றால் அவர்களைக் கும்பிடத்தான் வேண்டும்.

சரி, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வரும் அறுவைப் புண்ணுக்குத் தேன் வைத்துப் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். அல்-வைலி என்ற அரபு மருத்துவரும் அவரது கூட்டாளியும் 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. சிசேரியன் அல்லது கருப்பை நீக்கும் ஆப்பரேஷன் ஆகி, புண்ணில் விஷக்கிருமி பிடித்துவிட்ட 50 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். 26 பேருக்குத் தினம் இருவேளை தேன் கட்டு. 24 பேருக்கு ஸ்பிரிட்டும் அயோடின் மருந்தும். தேன் வைத்தவர்களுக்குச் சராசரி 11 நாளில் புண் ஆறியது; மற்றவர்களுக்கு 22 நாள் ஆனது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாளும் பாதியாகக் குறைந்தது.

"பார்த்தீங்களா, நாங்க சொன்னது சரிதானே!" என்று துள்ள வேண்டாம் தாய்மார்களே. அதே ஆராய்ச்சியில் இன்னொரு விவரமும் இருக்கிறது. அந்த 50 பேருக்குமே, தேன் வைத்தவர்கள் உட்பட, எந்தக் கிருமி என்று சோதித்துப் பார்த்து அதற்கேற்ற கிருமிக்கொல்லி மருந்தும் கொடுத்தார்கள். மருந்தை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் தேனை வைக்கவில்லை. மருந்தும் உள்ளே போனது, தேன் மேலே இருந்தது, டாக்டரும் பக்கத்தில் இருந்தார். நம் தோட்டத்து வீட்டில் தேன் மட்டும்தான் இருந்தது.

ஈரான் நாட்டில் கிருமி பிடிக்காத சாதாரணச் சிசேரியன் தையலிலும் சோதித்தார்கள். 75 பெண்களில் ஒரு பகுதியினருக்குத் தேன் கலந்த களிம்பும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத களிம்பும் கொடுத்தார்கள். தேன் களிம்பு பூசியவர்களின் தையலில் சிவப்பும் வீக்கமும் குறைவாக இருந்ததென்று 2014இல் எழுதினார்கள். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் அளவு பார்த்துச் செய்த களிம்பு.

உலகெங்கும் வந்த மருத்துவ ஆராய்ச்சிகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு ஒன்று உண்டு. அது 2015இல் தேனைப் பற்றிய 26 ஆராய்ச்சிகளை, மொத்தம் 3,011 நோயாளிகளின் கணக்கை, அலசிப் பார்த்தது. மேலோட்டமான தீப்புண் தேனால் சீக்கிரம் ஆறுகிறது. ஆப்பரேஷனுக்குப் பின் கிருமி பிடித்த புண்ணும் வழக்கமான கழுவு மருந்தைவிடத் தேனால் சீக்கிரம் ஆறுகிறது என்றது. மற்ற வகைப் புண்களுக்கு உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று போதாது என்றும் சொல்லிவிட்டது.

ஆகவே தேனுக்குச் சக்தி உண்டு. ஆனால் எந்தத் தேனுக்கு? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

நாம் கேட்டோம், அந்த அம்மா அந்தத் தேனை எங்கே வாங்கினாராம்? பெரிய ரோட்டோரம் வாளியில் தேன்கூட்டை மிதக்கவிட்டு, 'காட்டுத் தேன், சுத்தமான தேன்' என்று கூவியவனிடம். வாளியில் கூடு மிதந்தால் அடியில் இருப்பதெல்லாம் தேன் என்று யார் சொன்னது? சீனிப் பாகில்கூடத் தேன்கூடு மிதக்கும். ரோட்டோரத்து வாளி கிடக்கட்டும், சீட்டு ஒட்டிக் கடையில் விற்கும் போத்தலே இந்தக் கதிதான். இந்தியாவில் பேர்போன 13 வகைத் தேனைப் புதுடில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020இல் நுட்பமாகச் சோதித்தபோது, 10 வகையில் சர்க்கரைப் பாகு கலந்திருந்தது தெரியவந்தது. சர்க்கரைப் பாகை வயிற்றுத் தையலில் ஊற்றுவது என்ன வைத்தியம்?

கலப்படமே இல்லை, நம் செம்பனைக் காட்டோரத்தில் பெட்டி வைத்து எடுத்த கெலுலுட் தேன்தான், கண்ணாலே பார்த்து வாங்கினோம் என்பீர்கள். நல்லது, சாப்பிடுங்கள். ஆனால் சுத்தமான தேன் என்பது வேறு, கிருமி நீக்கிய தேன் என்பது வேறு. மண்ணிலும் தூசியிலும் இருக்கிற ஒருவகைக் கிருமியின் வித்து எந்த நல்ல தேனிலும் கலந்திருக்கலாம். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. மாறாக, காய்ச்சினால் தேனீ சேர்த்த அந்த மருந்துச் சத்துதான் அழிந்துபோகும்.

ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்கு வைக்கும் தேன் குழாயில் அடைத்து வருகிறது. மெடிஹனி போன்றவை அப்படிப்பட்டவை. காமாக் கதிர் பாய்ச்சி அதிலுள்ள கிருமி வித்தைக் கொன்றிருப்பார்கள். சூட்டைப் போலில்லாமல், அந்தக் கதிர் தேனின் குணத்தைக் கெடுப்பதில்லை என்று கண்டிருக்கிறார்கள். நம் நாட்டிலேயே கிளந்தான், குபாங் கிரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள், காட்டில் ஓங்கி வளர்ந்த துவாலாங் மரத்து மலைத்தேனை எடுத்துப் புண் ஆற்றும் ஆராய்ச்சிகள் பல செய்திருக்கிறார்கள். ஆக, நம் மண்ணின் தேனும் மட்டமில்லை. அதை வைப்பதா வேண்டாமா, எந்தப் புண்ணுக்கு, எத்தனை நாள் என்று முடிவு செய்வது டாக்டர் கையில் இருக்க வேண்டும். "டாக்டர், இந்தப் புண்ணுக்குத் தேன் கட்டு போடலாமா?" என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. வீட்டுப் போத்தலைத் திறந்து நீங்களே ஊற்றாதீர்கள்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. தாயின் புண்ணுக்கென்று வாங்கிய தேனில் ஒரு சொட்டைப் பச்சைக் குழந்தையின் நாக்கிலும் வைத்துவிடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. சேனை வைப்பது என்போம். நல்ல குணமுள்ள பெரியவர் கையால் சேனை வைத்தால் பிள்ளைக்கும் அந்தக் குணம் வரும் என்ற ஆசை. ஆசை நல்லதுதான், ஆனால் தேன் வேண்டாம். மேலே சொன்னோமே கிருமி வித்து, அது பெரியவர் வயிற்றில் ஒன்றும் செய்யாது. ஒரு வயதுகூட நிரம்பாத பிள்ளையின் குடலில் போய் முளைத்து விஷத்தைக் கக்கும். 1976இல்தான் இதைத் தனி நோயென்று அமெரிக்க மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். பிள்ளைக்கு முதலில் மலச்சிக்கல் வரும். பிறகு அழுகுரல் மெலியும், பால் குடிக்கச் சக்தியிருக்காது, கழுத்து நிற்காமல் துவளும், மூச்சே திணறிப்போகும். அதனால் ஒரு வயது முடியும்வரை பிள்ளைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. மார்க்காம்பில் தடவிக் கொடுப்பதும் கூடாது. பெரியவர் ஆசீர்வாதம் வேண்டுமென்றால் பிள்ளையின் தலையைத் தொட்டு வாழ்த்தட்டும். நாக்குக்குத் தாய்ப்பால் போதும்.

இன்னொரு ஆபத்து இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, அப்போது நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்திய வம்சாவளியினரிடம் அது மற்றவர்களைவிட அதிகம். கர்ப்ப காலத்தில் மட்டும் வந்து போகிற இனிப்பு நீரும் உண்டு. இப்படிப்பட்ட தாய்மாருக்குத் தையலில் கிருமி சீக்கிரம் பிடிக்கும், புண் மெதுவாகத்தான் ஆறும். "கொஞ்சம் ஈரம்தானே" என்று அவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது என்ன? பெரிய வித்தை ஒன்றுமில்லை. புண்ணைத் தொடுமுன் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஆஸ்பத்திரியில் போட்ட கட்டை அவர்கள் சொன்ன நாளில்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு, குளித்ததும் சுத்தமான துணியால் ஒற்றியெடுத்துப் புண்ணை உலர்வாக வையுங்கள். மஞ்சள், காப்பித்தூள், விபூதி, சாம்பல், எண்ணெய் எதுவும் தையல்மேல் வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வெந்நீரை வயிற்றில் அடித்து ஊற்றுவதும், தையல்மேல் துணியை இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். சுகப்பிரசவத்தில் கீழே தையல் போட்டிருந்தால், ஒன்றுக்கு ரெண்டுக்குப் போய்வந்ததும் முன்னாலிருந்து பின்னாகக் கழுவித் துணியை அடிக்கடி மாற்றுங்கள். சொல்லக் கூச்சமான இடம்தான். ஆனால் மிஸ்ஸிக்கு அது தினம் பார்க்கிற இடம், கூச்சப்படாமல் காட்டுங்கள்.

பத்தியம் என்று சொல்லித் தாயை வாட வைக்காதீர்கள். புண் ஆறச் சதை வளர வேண்டும், சதை வளரச் சாப்பாடு வேண்டும். நம் முன்னோர் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டும், நாட்டுக்கோழிச் சாறும், முருங்கைக் கீரையும் கொடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. மலாய்க்காரர்கள் ஆப்பரேஷன் ஆனவர்களுக்கு ஹாருவான் மீன் கொடுக்கிறார்கள். அது நம் விரால் மீன்தான். முட்டை, மீன், பருப்பு, கீரை, போதிய தண்ணீர் எதையும் நிறுத்தாதீர்கள்.

இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள்: காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம், தையலைச் சுற்றிச் சிவந்து வீங்குதல், குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டு போவது, சீழ், கசிவு, கெட்ட வாடை, தையல் விலகி வாய் திறப்பது, தீட்டில் நாற்றம் அல்லது திடீரென்று அதிக உதிரப்போக்கு. 'நாளைக்குப் பார்ப்போம்' என்பது இதில் உதவாது. இரவானால் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு திறந்திருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த அம்மாவின் பேச்சில் இருந்த இன்னொரு வார்த்தைக்கு வருகிறோம். "மவன் வேலைக்கு லீவு போடணுமே." அந்தக் குடும்பத்துக்குத் தேன்மேல் மட்டுமா நம்பிக்கை? கிளினிக் எட்டாத தூரத்தில் இருக்கிறது, தேன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, அதனால் தேன். முன்பு தோட்டத்துக்குத் தோட்டம் டிஸ்பென்சரி இருந்தது. டிரஸ்ஸர் திட்டினாலும் கூப்பிட்ட குரலுக்கு வருவார். இன்று பல தோட்டங்களில் அந்தக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது, இல்லையென்றால் இடிந்து கிடக்கிறது. பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்து உள்தோட்டங்களிலிருந்து வண்டி இல்லாதவர்கள் எப்படிப் போவார்கள்? தையல் போட்ட வயிற்றோடு மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து செம்மண் ரோட்டில் போய்ப் பாருங்கள், தெரியும்.

தஞ்சோங் காராங்கிலும் சபாக் பெர்ணமிலும் கோலகுபு பாருவிலும் சுங்கை பூலோவிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். பிள்ளை பெற்ற வீட்டுக்கு மிஸ்ஸி தேடி வருகிற ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் ஏற்பாடு இருந்தும் போக வழியில்லாவிட்டால் என்ன பலன்? இங்கேதான் நம் சங்கக் கிளைத் தலைவர்களையும் கோயில் கமிட்டியினரையும் கேட்கிறோம். திருவிழாவுக்குப் பத்து வண்டி பிடிக்கிறோம். பேறுகாலத்துத் தாய்க்கு ஒரு வண்டி பிடிக்க முடியாதா? எந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், யாரிடம் கார் இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினால் போதுமே. நிர்வாகத்தையும் சும்மா விடக்கூடாது. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தொழிலாளர் வசதி குறித்து முதலாளிக்குக் கடமைகளை விதிக்கிறது. அது ஏட்டில் மட்டும் இருந்தால் போதாதென்று கேட்க வேண்டியது சங்கம்.

தாய்மாருக்கும் ஒன்று சொல்கிறோம். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து பேறுகால விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. கணவருக்கும் 7 நாள் விடுமுறை உண்டு. சம்பளத்தோடு பெறச் சில நிபந்தனைகள் இருக்கின்றன. பெயர் பதிந்து எத்தனை நாள் வேலை செய்தோம் என்ற கணக்கும் அதில் அடக்கம். அதை ஆபீசிலும் சங்கத்திலும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அந்த 98 நாளும் உங்கள் உரிமை. நாற்பதாவது நாளே மருந்துத் தோம்பை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் எந்தத் தையல் தாங்கும்?

கணவன்மார்களே, மனைவியின் வயிற்றுத் தையலைத் தினம் ஒருமுறை நீங்களும் பாருங்கள். அது பொம்பளைங்க சமாச்சாரம் என்று ஒதுங்கியதால்தான் அந்த வீட்டில் ஒன்பது நாள் ஓடியது.

அந்த அம்மாவின் கேள்விக்கு இதையெல்லாம் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப இந்தப் போத்தலை என்ன பண்றது தம்பி? முப்பது வெள்ளி கொடுத்திருக்கேன்" என்றார். "தோசைக்குத் தொட்டுக்குங்க அம்மா. பேரனுக்கு மட்டும் ஒரு வயசு ஆகட்டும்" என்றோம். சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து மருமகளும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

இந்தச் செய்தியைப் படிக்கத் தெரிந்தவர்கள், படிக்கத் தெரியாத அக்கம்பக்கத்துப் பெரியம்மாக்களுக்கும் பாட்டிமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பேறுகால வீட்டில் அவர்கள் சொல்தான் நடக்கும். அவர்கள் சொல்லட்டும், "மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்று.